எட்டாம் நாள் படம்

மரக்காணம்
9-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

செல்வி எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் இருமல் நின்றதா? ஏற்காட்டுப் பனியில் விடிவதற்கு முன்னால் எழுப்பி ஜெபம் சொல்ல வைத்தால் யாருக்குத்தான் இருமல் வராது? இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கும் மதருக்கு என் வணக்கத்தைச் சொல். அவரே படித்துக்கொள்வார், இருந்தாலும் சொல்.

கன்னியர் மடத்துக்கு நவகன்னியாகப் போனவளுக்கு உலக விஷயம் எழுதக் கூடாது என்று தெரியும். உன் கையில் போன் தர மாட்டார்கள், கடிதம் ஒன்றுதான் வழி என்றால் நான் என்ன செய்ய? நீ விட்டுப்போன கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. போன வாரம் அதுவாக ஒரு அப்டேட் போட்டுக்கொண்டது. மறுநாள் திறந்தால் திரையில் ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காய் அளவு. வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர், கிராபிக்ஸ் கார்டை ஓட்டும் டிரைவர் புரோகிராம் சரியில்லை என்று சொல்லி மூடிக்கொள்கிறது. இருப்பதிலேயே புது டிரைவரைத் தேடி இறக்கினேன். அது இந்தக் கார்டையே தெரியாது என்கிறது. அந்தக் கம்பெனியே செய்த கார்டு அக்கா, வெட்கமில்லாமல் தெரியாது என்கிறது.

பாண்டிச்சேரியில் நீ வேலை பார்த்த கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இப்போது புதுப் பையன்கள். "தூக்கிப் போடும்மா, மியூசியத்துல வைக்கிற கார்டு இது" என்றான் ஒருவன். நான் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டேன்.

இது ஓடியே ஆகவேண்டும். நம் மாதா கோயில் திருவிழாவில் எட்டாம் நாள் உப்பளத்துக்காரர்கள் உபயம் என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் ஸ்டுடியோ புருஷோத்தமன்தான் வீடியோ. மற்ற நாள் உபயகாரர்களுக்கு டிரோன் பறக்கும், பாட்டு போடுவார். எட்டாம் நாளுக்கு ஒரு கூடை உப்பைக் காட்டுவார், முடிந்தது. இந்த முறை பங்குப் பேரவையில் எழுந்து, எட்டாம் நாள் படத்தை நான் எடுக்கிறேன், அன்று சாயங்காலம் பெரிய திரையில் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். புருஷோத்தமன் சிரித்தார். "ரெண்டு ஃபேன் சுத்துற அந்த டப்பாவ வச்சிக்கினா?" என்றார். எனக்கு வந்ததே கோபம். "முடியலன்னா அந்த டப்பாவயே உங்க கடையில கொண்டாந்து வைக்கிறேன், நானும் வந்து வேலைக்கு உக்கார்றேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

சொன்னது சொன்னதுதான். செப்டம்பர் ஆறாம் தேதி எட்டாம் நாள். நீதான் வழி சொல்லவேண்டும். இந்த உப்புக் காற்றில் அப்பாவின் நீல டப்பா கிரீஸ் தொட்ட சாமான்தான் உருப்படியாக இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு டப்பா இல்லையே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
ஆரோக்கியசெல்வி


சேசு மரி சூசை துணை

ஏற்காடு
21-2-2025

அன்புத் தங்கைக்கு,

ஆண்டவர் கிருபையில் இருமல் தேவலை. உன் கை கால் சுகமா? உப்பு வாரப் போகும்போது காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு போகிறாயா? அப்பா எப்படி இருக்கிறார்?

உன் கடிதத்தை மதர் என்னிடம் கொடுத்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. இருந்தாலும் கொடுத்துவிட்டார்.

செல்வி, புதியதைத் தேடாதே. கம்பெனி நம் கார்டைக் கைவிட்டுச் சில வருஷம் ஆகிறது. அவர்கள் கடைசியாக நம் கார்டுக்கு விட்ட டிரைவர் 474 என்று தொடங்கும். அதுதான் வேண்டும். ஆனால் அதைப் போடுவதற்கு முன்னால் இப்போது இருப்பதை வேரோடு எடு. சாதாரணமாக நீக்கினால் மிச்சம் தங்கும். சேஃப் மோடில் திறந்து, டிரைவரைத் துடைத்தெடுக்கும் சின்ன புரோகிராமை ஓட்டு. பாத்தியில் பழைய கசப்புத் தண்ணீரை வடிக்காமல் புதுத் தண்ணீர் பாய்ச்சினால் உப்பு கசந்துபோகும் என்று அப்பா சொல்வாரே, அதே கணக்குதான்.

இங்கே வாசலில் பெரிய இரும்புக் கேட் ஒன்று இருக்கிறது. திறந்தால் மலையே கேட்கும்படி கத்தும். மாதத்தில் இரண்டாம் ஞாயிறு வீட்டார் பார்க்க வரும் நாள், அன்று அது ஓயாது. தியானத்துக்கு இடைஞ்சல் என்கிறார் மதர். எனக்கும் அன்று தியானம் வருவதில்லை. உப்பு சீசன் முடியும்வரை உன்னால் வர முடியாது என்று தெரியும், அதற்காகச் சொல்லவில்லை.

சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலம் முழுக்க எங்களுக்குக் கடிதம் கிடையாது. அதற்குள் சரியாகிவிடும்.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்,
பிரியதர்ஷினி


மரக்காணம்
16-3-2025

அக்காவுக்கு,

நலமாக இரு. நானும் இருக்கிறேன். தவக்காலத்தில் கடிதம் தர மாட்டார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். இதுவும் மதர் மேசையில் கிடந்து தவம் செய்யட்டும்.

நீ சொன்னபடி துடைத்தேன். 474-ஐப் போட்டேன். எழுத்து பூசணிக்காயிலிருந்து கத்தரிக்காய்க்கு வந்தது. சந்தோஷப்பட்டு எடிட்டிங் சாஃப்ட்வேரைத் திறந்தால், இந்த டிரைவர் பழையது, புதியது போடு என்கிறது. புதியது போட்டால் கார்டைத் தெரியாது என்கிறது. மாமியார் உள்ளே வராதே என்கிறாள், மருமகள் வெளியே போகாதே என்கிறாள். இதற்கிடையில் நான் தூங்கி எழுந்து பார்த்தால் கம்ப்யூட்டர் மறுபடி அதுவாக அப்டேட் போட்டு என் உழைப்பை எல்லாம் அழித்து வைத்திருக்கிறது.

யூடியூபில் பார்த்தேன். நூறு பேர் நூறு வழி சொல்கிறார்கள். ஒருத்தனுக்கும் நம் கார்டு தெரியாது. ஆரோவில்லில் அந்த வெள்ளைக்காரம்மா ஊருக்குப் போகும்போது கொடுத்த பெட்டியைப் பிரித்து, எங்கெங்கோ கிடந்த பாகத்தை எல்லாம் சேர்த்து இதைக் கட்டியவள் நீ. உனக்குத்தான் தெரியும்.

ஒரு அதிசயம். நேற்று அப்பா உப்பளத்து எஞ்சினை நிறுத்திவிட்டு வந்து வாசலில் நின்று, "இன்னும் சரியாவலயா அது?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி எஞ்சினைப் பார்க்கப் போய்விட்டார்.

படம் பிடிப்பதை நான் நிறுத்தவில்லை. காலையில் உப்பு வாரும்போது இடுப்பில் கேமரா.

உன்,
செல்வி


சேசு மரி சூசை துணை

ஏற்காடு
24-4-2025

அன்புத் தங்கைக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உனக்கு. பாஸ்கா அன்றைக்குப் புதுச் சேலை எடுத்தாயா? உடம்புக்கு ஒன்றுமில்லையே? அப்பா எப்படி இருக்கிறார்? போன முறையும் கேட்டேன்.

தவம் முடித்த உன் கடிதம் கிடைத்தது. தப்பு என்னுடையது, பாதிதான் சொன்னேன். டிரைவர் பழையதென்றால் சாஃப்ட்வேரும் பழையதாக இருக்கவேண்டும். இரண்டும் ஒரே காலத்து ஆளாக இருந்தால்தான் ஒத்துப்போகும். உன் கணக்கில் நுழைந்தால் சாஃப்ட்வேரின் பழைய பதிப்புகளும் கிடைக்கும், மூன்று வருஷத்துக்கு முந்தையதை எடு. இன்னொன்று, துடைப்பதற்கு முன்னால் இன்டர்நெட் வயரைக் கழற்றிவிடு. மடையைத் திறந்து வைத்துக்கொண்டு பாத்தியை இறைத்தால் எப்படிக் காயும்? டிரைவர் தானாக இறங்குவதைத் தடுக்கும் செட்டிங்கையும் மாற்றிவிட்டு, பிறகு வயரை மாட்டு. நிச்சயம் ஓடும்.

எழுதும்போது ஸ்க்ரூ டிரைவர் கையில் இருப்பது போலவே இருந்தது. இதை மதர் படிப்பார் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

ஜெபத்தில் நினைக்கும்,
பிரியதர்ஷினி

(செல்விக்கு: இயந்திரம் பற்றி இனி ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மதர்.)


மரக்காணம்
11-5-2025

அன்புள்ள அக்காவுக்கும், முதலில் படிக்கும் மரியாதைக்குரிய மதருக்கும்,

இருவரும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். மதர், ஒரு பக்கம்தான். எழுத்தைப் பொடியாக எழுதியிருக்கிறேன், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இது வெறும் இயந்திரம் இல்லை. எங்கள் சனங்கள் முகத்தைக் காட்ட எங்களிடம் இருப்பது இது ஒன்றுதான். அதற்காக நீங்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

அக்கா, ஓடவில்லை. வயரைக் கழற்றி, துடைத்து, 474 போட்டு, பழைய சாஃப்ட்வேரையும் போட்டேன். ஒரு வரி விடவில்லை. டிவைஸ் மேனேஜரில் கார்டின் பேர் வருகிறது, பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், கோட் 43. முன்பு கார்டுக்கு டிரைவர் பிடிக்கவில்லை. இப்போது டிரைவர் சரி, கார்டுதான் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. மார்ச்சில் 474 போட்டபோது இந்த முக்கோணம் இல்லையே.

அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார்.

உன்,
செல்வி


சேசு மரி சூசை துணை

ஏற்காடு
2-6-2025

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறாய். அதையா கேட்டேன்?

கோட் 43 என்றால் டிரைவர் கார்டைக் கூப்பிட்டும் ஒழுங்கான பதில் வரவில்லை என்று பொருள். நான் சொன்ன பதிப்பில் கோளாறாக இருக்கலாம். அதற்கு முந்தையது ஒன்றைப் போட்டுப் பார். அதுவும் இல்லையென்றால் அதற்கும் முந்தையது.

இனி மாதம் ஒரு கடிதம்தான் என்று உத்தரவு. பற்றை அறுக்க வந்தவள் பற்றை வளர்க்கிறாய் என்றார் மதர். நான் வாய் திறந்து, தங்கைக்கு வழி சொல்வது பற்று என்றால் அதை அறுக்க எனக்குத் தெரியாது மதர் என்றேன். வந்த நாள் முதல் நான் எதிர்த்துப் பேசியது அது ஒரு தடவைதான். சமையல்கட்டில் பாத்திரம் துலக்கும் முறை எனக்கே தொடர்ந்து வருகிறது. துலக்குகிறேன், நன்றாகவே பளபளக்கிறது.

ஜெபத்தில்,
பிரியதர்ஷினி


மரக்காணம்
6-7-2025

அக்காவுக்கு,

நான் இருக்கிறேன். நீ எப்படி?

எல்லாப் பதிப்பையும் போட்டாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அதே முக்கோணம். நேற்று புருஷோத்தமன் வீட்டுக்கே வந்தார். "செல்வி, சேர் ரெடி. ஏசி ரூமு. உப்புத் தண்ணில நிக்க வேணாம்" என்றார். கெட்ட மனுஷன் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். உப்புத் தண்ணீரில் நிற்கிறவர்களைத்தான் நான் படம் எடுக்கிறேன், ஏசியில் உட்கார்ந்தால் எனக்கு அது தெரியாமல் போய்விடும் என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பினேன். நான் போக மாட்டேன் அக்கா. ஆகஸ்ட் கடைசிவரை இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டுவேன்.

அந்தோணியம்மாள் பெரியம்மாவைப் படம் பிடித்தேன். மற்றவர்கள் எல்லாம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். பெரியம்மா மட்டும், "என் கால எடுடி. மூஞ்சிக்குப் பவுடர் போட்டா போவுது, காலுக்கு என்னா போடுறது? அதயும் எல்லாரும் பாக்கட்டும்" என்றார்கள். எடுத்தேன். வெடித்து வெடித்து, உப்பு ஏறி, பார்க்கவே முடியவில்லை. அதைத் திரை முழுக்கக் காட்டப்போகிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உன் கடிதம் வந்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுகிறார். நான் வாசித்துக் காட்டப் போனால், "அந்தப் பேர இந்த வீட்ல எடுக்காத" என்கிறார். அம்மா போனபிறகு நீயும் போனதை அவர் மன்னிக்கவில்லை. ஜெபமாலையைக்கூட ஆணியிலிருந்து எடுப்பதில்லை. போதுமா?

கோபத்தில் எழுதிவிட்டேன். எழுதியதை அடித்துவிட மனசில்லை, அப்படியே அனுப்புகிறேன்.

செல்வி


சேசு மரி சூசை துணை

ஏற்காடு
17-7-2025

செல்வி,

நலமே. நீ கோபத்தில் எழுதியதுதான் எனக்கு வந்த கடிதங்களில் நல்ல கடிதம்.

என் பேரை எடுக்க வேண்டாம் என்றால் நீ எடுக்காதே. நான் அப்பாவைக் கேட்பதை நிறுத்த மாட்டேன். அவர் கோபம் அவருக்கு. நான் வந்தது தப்பென்று நான் சொல்லப்போவதில்லை. அவர் மகள் இல்லை என்றும் சொல்லப்போவதில்லை. அப்பா எப்படி இருக்கிறார்?

பாத்திரம் துலக்கும்போது யோசித்தேன். மார்ச்சில் இல்லாத முக்கோணம் மே மாதம் வந்தது என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. டிரைவரை விட்டுவிடு. கரண்டை நிறுத்து, பக்கத் தகட்டைத் திற, கார்டைக் கழற்று. அதன் அடியில் மஞ்சளாக வரிசையாகப் பல் இருக்கும், பலகையில் செருகும் இடம். உப்பு பூத்திருக்கிறதா பார். அழுக்கு என்றால் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடை. நன்றாகக் காயவிட்டு மாட்டு.

உன்னுடையதையும் சேர்த்தால் இது இந்த மாதத்தின் இரண்டாம் கடிதம். மதரிடம் கேட்டுத்தான் எழுதினேன். அந்தோணியம்மாள் பெரியம்மாவின் காலைப் பற்றி நீ எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, எழுது என்றார்.

பிரியதர்ஷினி


மரக்காணம்
3-8-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? நான் நலம், கம்ப்யூட்டர் நலம், ஊரே நலம். ஓடுகிறது அக்கா. முக்கோணம் போயே போய்விட்டது.

நீ சொன்னபடி திறந்தேன். எல்லா இடத்திலும் தூசி, அந்தக் கார்டின் பல்லில் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கிரீஸ். மொத்தமாக, மழமழவென்று, எஞ்சின் போல்ட்டுக்கு வைப்பது போலவே. பலகையின் பள்ளத்துக்குள்ளும் குச்சியால் வைத்துத் திணித்திருந்தது. இந்த ஊரில் அப்படி கிரீஸ் வைக்கிற கை ஒன்றுதான்.

அப்பா குளித்துவிட்டு வந்தார். கார்டைக் கையில் வைத்துக்கொண்டு கத்தினேன். மே மாதத்திலிருந்து நான் பட்டது என்ன, ஊர் முன்னால் என் மானம் என்ன, யார் கேட்டது உங்களை என்று நிறுத்தாமல் கத்தினேன். அவர் ஈரத் துண்டோடு நின்று கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"துரு புடிச்சிருக்கும்னு நெனச்சேன். அது அவ மிஷினு. நாளைக்கு வந்து கேட்டா என்னான்னு சொல்றது?"

சொல்லிவிட்டு வழக்கம்போல வெளியே போய்விட்டார். நான் தவக்காலத்தில் பாண்டிச்சேரி போயிருந்த ஒரு நாள் செய்திருக்கிறார். நீ போனதிலிருந்து உன் சைக்கிள் செயினுக்கும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார், அதை நான் இத்தனை நாள் பார்த்தும் பார்க்கவில்லை. யார் ஓட்டுகிறார்கள் அந்த சைக்கிளை?

ரப்பரால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, பள்ளத்தைப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் சுத்தம் செய்ய ஒரு நாள் போனது. மாட்டினேன். 474 எழுந்து உட்கார்ந்தது. இனி படம் வெட்டும் வேலைதான். உட்காருகிறேன்.

உன்,
செல்வி


சேசு மரி சூசை துணை

ஏற்காடு
12-8-2025

செல்விக்கு,

நலம்.

கிரீஸ் துடைத்த துணியை எறிந்துவிட்டாயா?

எட்டாம் நாள் படம் ஓடியதா என்று உடனே எழுதச் சொல்லி மதர் கேட்கிறார். நானும்.

பிரியதர்ஷினி


மரக்காணம்
9-9-2025

அன்புள்ள அக்காவுக்கும் மதருக்கும்,

திருவிழா நல்லபடியாக முடிந்தது. எல்லாரும் சுகம். துணியை எறியவில்லை, இத்துடன் ஒரு துண்டு வைத்திருக்கிறேன். மதர், இது கடத்தல் இல்லை, வெறும் கிரீஸ்.

எட்டாம் நாள் சாயங்காலம் பெரிய திரையில் படம் ஓடியது. ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அந்தோணியம்மாள் பெரியம்மாவின் கால் திரை முழுக்க வந்தபோது சத்தம் போட்டுக்கொண்டிருந்த பையன்கள்கூட அடங்கிவிட்டார்கள். பெரியம்மா முதல் வரிசையில் அதே காலை நீட்டி உட்கார்ந்து, "நல்லா பாருங்கடா" என்றார்கள். கூனிமேட்டிலிருந்து கடை போட வந்த பாய்மார்களும் கடையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். புருஷோத்தமன் கடைசிவரை நின்றிருந்தார். டிரைவர் என்ன நம்பர் என்று கேட்டார். அவரிடமும் இரண்டு பழைய கார்டு மூலையில் கிடக்கிறதாம். சொன்னேன், ஆனால் சேரில் போய் உட்காரவில்லை.

அப்பா கூட்டத்துக்குப் பின்னால், கொடிமரத்தடியில் நின்று பார்த்தார். கடைசியில் நான் ஒரு வரி போட்டிருந்தேன்: இந்தக் கம்ப்யூட்டரைக் கட்டியவர், அந்தோணிசாமி மகள் பிரியதர்ஷினி. வீட்டில் எடுக்கக் கூடாத பேரை ஊர் நடுவில் ஆள் உயரத்துக்கு எடுத்துவிட்டேன். ஏன் போட்டாய் என்று அவர் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, உன் கடிதங்கள் எங்கே என்று கேட்டார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை, வாசித்தும் காட்டவில்லை. டிரங்குப் பெட்டியைக் காட்டினேன், அவரே எடுத்துப் படிக்கட்டும் என்று. படித்தார்.

உன்,
செல்வி


மரக்காணம்
3-10-2025

பிரியதர்ஷினிக்கு,

அப்பா எழுதுறது. நல்லா இருக்கியா? நான் நல்லா இருக்கிறேன். கேட்டுக்கினே இருந்தியாமே, அதுக்குத்தான் சொல்றேன்.

இங்க மழை புடிச்சிட்டுது. உப்பளம் மூடியாச்சு. எஞ்சினக் கழுவி மூட்டை கட்டி வச்சிட்டேன்.

நீ போனது எனக்குப் புடிக்கல. இன்னைக்கும் புடிக்கல. உங்க மதர் படிச்சாலும் எனக்கு ஒண்ணும் இல்ல, படிக்கட்டும். அந்தக் கார்டுக்கு நான் வச்சதும் தப்புன்னு ஒத்துக்க மாட்டேன். இரும்புன்னா கிரீஸ் வைக்கணும். அது இரும்பு இல்லன்னு யாரும் எங்கிட்ட சொல்லல.

பன்னெண்டாம் தேதி ரெண்டாவது ஞாயித்துக்கெழம. பாக்க விடுவாங்களாமே. உன் சாமியப் பாக்க வரல. உங்க கேட்டு கத்துதுன்னு எழுதியிருந்த, படிச்சேன். டப்பாவ எடுத்துக்கினு வர்றேன்.

நான் உள்ள வர்றப்போ ஒரு தடவ கத்தும், கேட்டுக்கோ. அதுக்கப்புறம் கத்தாது.

உன் அப்பா,
அந்தோணிசாமி